கழித்துப்போட்ட சத்தம்

சோதனைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கருமி. கைக்காசை வைத்து வந்த பட்டம் இல்லை அது. சிப்புக்குள் ஓடும் மின்சாரத்தில்தான் அவள் கருமித்தனம் எல்லாம். மற்றவர்கள் டிரான்சிஸ்டர் என்ற மின்குழாயைத் தாராளமாகத் திறந்துவிடுவார்கள். இவளோ 'இதற்குக் கீழே மூடிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம்' என்று பாடப்புத்தகம் கைகழுவும் இடத்துக்கு இறக்கி, மூடிய குழாயில் கசிகிற சொட்டை வைத்தே வேலை வாங்கிவிடுவாள். "இந்தம்மா தண்ணியைக்கூட அரைச் சொட்டாத்தான் குடிப்பாங்க" என்று மின்பலகைகளில் கம்பி ஒட்டும் சால்டர்காரர் சொல்வார். அவள் சிரித்துக்கொள்வாள். உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தக் கருமித்தனத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன். பள்ளிக்கூட நாளிலிருந்து அவனுக்கு வலிப்பு. மருந்து பாதி கேட்கும், பாதி கேட்காது. அண்ணி கல்யாணமான நாளிலிருந்து தன் மணிக்கட்டையும் அவன் மணிக்கட்டையும் ஒரு நாடாவால் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள். தூங்கினாள் என்பது ஒரு பேச்சுக்கு. நாடா இழுபட்டால் எழுந்து அவனைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். எழாவிட்டால் அவன் தலையணையில் முகம் புதைந்து போய்விடலாம். இந்தப் பயத்திலேயே அண்ணியின் கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையம் குடியேறி, பிறகு அவளை அது இல்லாமல் யாருக்கும் அடையாளமே தெரியாது என்று ஆகிவிட்டது.

ஆகவே கருமி ஒரு கருவி செய்தாள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், புளியங்கொட்டை அளவு. தலைத்தோலுக்கு அடியில் முடிபோன்ற மின்முனைகள். மூளையில் வலிப்பு தொடங்கினால் வீட்டுக்காரர்களின் கைபேசியை அலறவைக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு பச்சை விளக்கு மெல்ல மினுங்கும். பொட்டு அளவு பேட்டரி மாதக்கணக்கில் தாங்க வேண்டும், தலை சூடாகக் கூடாது. அங்கேதான் கருமியின் கைவரிசை.

மூளையின் சத்தம் மிகச் சன்னம். சுவரில் ஓடும் கரண்ட், நடை, தலையைச் சொறிவது எல்லாமே அதைவிடப் பலமடங்கு இரைச்சல் போடும். ஆனால் அந்த இரைச்சல் எல்லா மின்முனைகளுக்கும் ஒன்றுபோல வந்து சேரும். வலிப்போ ஏதோ ஒரு மூலையில் தொடங்கி அங்கிருந்து பரவும். எனவே எல்லாருக்கும் பொதுவாக வருவதை வாசலிலேயே கழித்துவிட்டால் போதும். மிச்சத்தைப் பெருக்கிக் காட்டச் சின்னஞ்சிறு பெருக்கி போதும், கசிகிற மின்சாரமே போதும். அதற்குப் பின்னால் மூளை நரம்பைப் பார்த்து வரைந்த ஒரு மின்சுற்று. வருகிற துடிப்புகளைப் பானைபோலச் சேர்த்துக்கொண்டு, நிரம்பினால் கூப்பாடு போடும், நிரம்பாவிட்டால் மெல்ல ஒழுகிக் காலியாகிவிடும். பெரிய கூட்டம் ஒன்றில் அவள் இதை ஒரே வரியில் சொன்னாள்: ஊரே சேர்ந்து கத்தினால் இரைச்சல், ஒருத்தர் மட்டும் கத்தினால் சேதி. அரங்கம் கைதட்டியது.

கருவி சோதனைக்காகச் சில நோயாளிகளின் தலையில் ஏறியது. ஒரே இடத்தில் தொடங்கும் வலிப்பு உள்ளவர்களாக மருத்துவமனையில் பொறுக்கி எடுத்தார்கள். அதில் அண்ணனும் ஒருவன். அண்ணி நாடாவை அவிழ்த்து அலமாரியில் போட்டாள். ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கருவளையம் மெல்ல வெளுத்தது. ஒருநாள் அவள் சிரித்தபோது கன்னத்தில் குழி விழுவதைப் பார்த்து, இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது என்று கருமி திகைத்துப்போனாள்.

பிறகு தையல்காரி செத்தாள்.

அவளும் கருவி மாட்டியவள். அம்மாவோடு ஒரே அறையில் படுத்தவள் தூக்கத்திலேயே போய்விட்டாள். அம்மாவின் தலையணைக்கு அடியில் கைபேசி இருந்தது. அது கூப்பிடவில்லை. விடிந்து மகளைத் தொட்டு எழுப்பியபோது உடம்பு சில்லிட்டிருந்தது, காதுக்குப் பின்னால் பச்சை மினுங்கிக்கொண்டிருந்தது.

கருவி சோதனைக்கூடத்துக்குத் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தார்கள். அதன் நினைவகத்தில் கடைசி இரவின் பதிவு இருந்தது. எல்லா மின்முனைகளும் அமைதி. வலிப்பே வரவில்லை, இதயம் நின்றிருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் அவசரமாகத் தலையாட்டினார்கள். கருமி மட்டும் கருவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் மேசையில் வைத்துக்கொண்டு தினமும் சோதித்தாள். உப்புத் தண்ணீர் நிரப்பிய பாத்திரம்தான் தலைக்குப் பதில். அதன் ஒரு மூலையில் பொய்யாக ஒரு வலிப்பை ஊட்டுவாள். கருவி உடனே அலறும். எத்தனை முறை ஊட்டினாலும் அலறும். குறை சொல்ல ஒரு இடமும் இல்லை.

பேய் பிசாசு என்று பயப்படுகிறவள் இல்லை கருமி. ஆனாலும் அந்த மேசையில் உட்கார்ந்தால் எதிரே இருக்கும் காலி முக்காலியை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. யாரோ உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது முடியும் என்று காத்திருப்பதுபோல் இருந்தது. அதட்டவும் இல்லை, அழவும் இல்லை, சும்மா காத்திருந்தாள். கருமி முக்காலியை எடுத்து மூலையில் வைத்தாள். அப்புறம் மூலையைப் பார்க்க முடியவில்லை.

அதைவிடக் கொடுமை போன். தையல்காரியின் அம்மாவுக்குத் தன் எண்ணை இவளே கொடுத்திருந்தாள், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று. அந்த அம்மாள் சொன்னதைச் செய்தாள். சோதனை நடக்கும் செப்புவலை அறைக்குள் மட்டும் கைபேசி செத்துப்போகும். சுவர், கூரை, தரை, கதவு எல்லாம் செப்புக் கம்பி வலை. வெளி அலை எதுவும் உள்ளே வராது. கருமியின் மேசையும் அதற்குள்தான் இருந்தது; வேலை இல்லாவிட்டாலும் அங்கேயே உட்கார்ந்திருக்கத் தொடங்கினாள். ஆனால் சாப்பிடவாவது வெளியே வரத்தானே வேண்டும். அன்று மத்தியானம் கதவைத் திறந்து காலை வெளியே வைத்ததும் போன் அடித்தது.

"நான்தாம்மா. சாப்பிட்டியா?"

"சாப்பிடப் போறேம்மா."

"சரி. அது ஏன் கூப்பிடல?"

கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

"இன்னும் பார்த்துட்டுதாம்மா இருக்கோம்."

"பாரு, பாரு. எனக்கென்ன வேலை, கேட்டுட்டுதான் இருப்பேன். மனசுக்குள்ள ஒண்ணு ஓடுது, சொல்லட்டுமா? ஆஸ்பத்திரியில எந்தக் கையில ஆரம்பிக்கும்னு கேட்டாங்க. பகல்ல வர்றது இடது கை விரல்ல ஆரம்பிக்கும். அவளே கத்திரிக்கோலக் கீழ வெச்சிட்டு உட்கார்ந்துக்குவா. தூக்கத்துல வர்றது அப்படியில்லம்மா. கையும் கிடையாது, காலும் கிடையாது. ஒரே அடி. மரம் சாயற மாதிரி முழுசா. அதையும் சொன்னேன். அவங்க கேட்டது எந்தக் கைன்னு மட்டும்தானே, இத யாரும் எழுதிக்கல."

 "நான் அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டு, சாப்பாட்டை மறந்து, கருமி வலை அறைக்குள் திரும்பிப் போனாள்.

பாத்திரத்தின் ஓரம் முழுக்க ஒரு கம்பியை வளையமாகச் சுற்றினாள். பொய் வலிப்பை ஒரு மூலையில் ஊட்டாமல், எல்லா மின்முனைகளுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் போய்ச் சேரும்படி ஊட்டினாள். பச்சை மினுங்கியது. அளவை ஏற்றினாள். பச்சை. இன்னும் ஏற்றினாள். மண்டைக்குள் உண்மையிலேயே அவ்வளவு வந்தால் மனிதன் தாங்க மாட்டான், அவ்வளவு ஏற்றினாள். கருவி ஒரு மூச்சு மாறாமல் பச்சை காட்டியது.

அவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது செய்தது. ஊரே சேர்ந்து கத்தியது. இரைச்சல் என்று கழித்துவிட்டது. பெருக்கி பெருக்குவதற்கு வாசலுக்கு உள்ளே எதுவும் வரவே இல்லை. மூளை முழுவதும் ஒரே நொடியில் தீப்பிடித்தால் அது இந்தக் கருவிக்குச் சுவரில் ஓடும் கரண்ட் மாதிரி, தலையைச் சொறிவது மாதிரி. மின்சாரத்தில் அரைச் சொட்டு மிச்சம் பிடிக்க வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தாள். அவன் கூட்டமாக வருகிற யாரையும் உள்ளே விடமாட்டான்.

"கழிச்சது எங்க போச்சு?" என்று சால்டர்காரர் கேட்டார். அந்த நரைத்த மனிதர் கருமியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கூப்பிடாமலே உள்ளே வந்திருந்தார். "கழிக்கணும்னா எவ்வளவு கழிக்கணும்னு அதுக்குத் தெரியணும்ல?"

தெரியும். அந்த அளவை நொடிக்கு நொடி ஒரு சின்ன நினைவகத்தில் எழுதிவைக்கும். ஆரம்ப நாட்களில் மேசைமேல் வைத்துச் சோதிப்பதற்காகச் சேர்த்த பகுதி. குப்பைத்தொட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் எடுத்திருக்க வேண்டியது. வரைபடத்தில் அதன் மேல் வேறு கம்பிகள் ஓடியதால் கை வைக்கப் பயந்து விட்டுவிட்டாள். யாரும் அதைப் படித்துப் பார்த்ததில்லை. குப்பையை யார் கிளறுவார்கள்?

படித்தாள். தையல்காரியின் கடைசி இரவைத் தேடி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அது அந்தக் கூடத்தின் பழக்கம். கண்ணுக்குத் தப்புவது சில சமயம் காதுக்கு அகப்படும்.

முதலில் தூக்கத்தின் மெல்லிய இரைச்சல். மழை தூரத்தில் பெய்வதுபோல. பிறகு ஒரே அடியாக, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், ஸ்பீக்கர் அதிர்ந்தது. கடகடவென்று ஓர் ஓட்டம். இருவரும் பின்வாங்கினார்கள். அது ஓடியது, ஓடியது, பிறகு இடைவெளி விட ஆரம்பித்தது. தையல் முடிந்து காலை எடுத்த பிறகு மிஷின் சக்கரம் தன்பாட்டில் சுற்றி ஓய்வதுபோல, கடக், கடக், இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு கடக். அதற்குப் பின் ஒன்றும் இல்லை. மழைகூட இல்லை. சுவர்க் கரண்டின் உறுமல் மட்டும் மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சால்டர்காரர் ஸ்பீக்கரை அணைத்தார். "கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா இருக்கே" என்றார் தாழ்ந்த குரலில். யாராவது ஏதாவது பேசியாக வேண்டும் என்பதற்காகப் பேசியதுபோல் இருந்தது. கருமி மூலையிலிருந்த முக்காலியை அப்போதுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. இருந்தும் அவள் அதைப் பார்த்து "கேட்டுட்டேன்" என்று சொன்னாள்.

சோதனைக்கூடத்தின் தலைவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடையுது பாரு. சரி, நீயே கண்டுபிடிச்சது நல்லது. ஆற அமர எழுதிக் குடு. அடுத்த வாரம் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசுவோம்."

"அதுவரைக்கும் அத நம்பித் தூங்கறவங்க?"

"மனச விடாத. யானைக்கும் அடி சறுக்கும்."

"சறுக்கினது யானை சார். நசுங்கினது வேற ஆளு."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் வெளியே வந்து, சோதனையை நடத்தும் டாக்டரம்மாவைப் போனில் பிடித்தாள். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.  "மாட்டியிருக்கற எல்லார் வீட்டுக்கும் இன்னிக்கே நான் சொல்லிடறேன். யாரையும் கேட்டுட்டு இருக்கப் போறதில்ல. உங்க அண்ணனுக்கு மட்டும் நீங்க சொல்லிடுங்க" என்றாள்.

அண்ணன் போனை எடுக்கவில்லை. பால் டிப்போவில் விடியற்காலை வேலை அவனுக்கு. மத்தியானம் வந்து படுத்துவிடுவான். தூக்கத்தில்தான் ஒரே அடியாக வருகிறது. மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. அண்ணியின் கடைக்கு அடித்தாள்.

"தூங்கறாரா இருக்கும். ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல அண்ணி. ஒரு சின்ன டெஸ்ட் பண்ணணும்."

"சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கு, திறந்துட்டுப் போ. எழுப்பினா எரிஞ்சு விழுவார், நீயே சமாளிச்சுக்கோ." அண்ணி சிரித்தாள். "முன்னெல்லாம் அவரு தனியாத் தூங்கறார்னா எனக்கு இங்க கையும் ஓடாது காலும் ஓடாது. இப்பப் பாரு, உங்கிட்ட ஜோக்கடிச்சுட்டு நிக்கறேன்."

உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. கருமி போனை வைத்துவிட்டு வாடகைக் காரில் ஏறினாள். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஒவ்வொன்றிலும் மற்ற வண்டிகள் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தன. எல்லாம் சேர்ந்து உறுமியபோது அவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஓட்டுநர் கண்ணாடி வழியே பார்த்து, "தலைவலியா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

வீட்டுக்குள் திரை இழுத்துவிட்டிருந்தது. படுக்கையறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் வாயை லேசாகத் திறந்து, மார்பு ஏறி இறங்க, அழகாகத் தூங்கிக்கொண்டிருந்தான். கருமிக்கு உயிர் வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தோளைத் தொட்டு, "அண்ணா" என்றாள்.

"ம்... குட்டியா? வேலைக்குப் போகல?" பாதிக் கண்ணைத் திறந்தான்.

"உன்னப் பாக்கத்தான் வந்தேன். அத முதல்ல கழட்டு."

காதுக்குப் பின்னால் கையை வைத்தவள் நின்றுவிட்டாள். கருவிக்கு ஒரு உறை போட்டிருந்தது. நீலத் துணி, ஓரமெல்லாம் எண்ணி வைத்தாற்போன்ற தையல், பச்சை விளக்குக்கு நேராக ஒரு குட்டிப் பொத்தான் ஓட்டை.

"இது யாரு தைச்சது?"

"நல்லா இருக்கில்ல?" அண்ணன் தூக்கக் கலக்கத்திலேயே பெருமையாகச் சிரித்தான். "ஆஸ்பத்திரியில வரிசையில உட்கார்ந்திருந்தப்ப பழக்கம். அவளும் மாட்டியிருந்தா. வேர்வையில அரிக்குதுன்னு சொன்னேன், அடுத்த தடவை இத தைச்சுட்டு வந்து குடுத்தா. காசு குடுத்தா வாங்கல. எல்லாருக்கும் தைச்சுக் குடுக்கப் போறாளாம். வாயாடி. உன்னப் பத்திச் சொன்னேன், உங்க தங்கச்சி கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்னா."

 எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் கருமி வாயைத் திறந்தாள். அண்ணன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவனை உலுக்கி எழுப்பியிருக்க வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொல்லலாம் என்று எழுந்தாள். அந்த ஒரு நிமிஷக் கோழைத்தனத்தை என்னவென்று சொல்வது? டம்ளரோடு திரும்பி வந்தபோது அவன் தூங்கியிருந்தான்.

அவள் அறை வாசலைத் தாண்டுவதற்குள் வந்தது. கையும் இல்லை, காலும் இல்லை. ஒரே அடி. தொண்டையிலிருந்து ஒரு கரகரத்த கூச்சல், உடம்பு பலகையாக விறைத்தது, கட்டில் சுவரில் மோதியது. டம்ளர் விழுந்து உருண்டது. அவள் ஓடிப்போய், தலையணையை உருவியெறிந்து, அவனைப் பக்கவாட்டில் திருப்பினாள். கழுத்துப் பொத்தானைப் பிய்த்தாள். அவன் தலை அவள் கையில் அடித்துக்கொண்டே இருந்தது. நீல உறையின் ஓட்டை வழியே பச்சை மினுங்கியது. அமைதியாக, அவசரமில்லாமல், எல்லாம் சரி, எல்லாம் சரி என்று. தான் பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுவது எப்படி இருக்கும் என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது.

அடிகள் தளர்ந்தன. இடைவெளி விட்டன. அந்த இடைவெளிகளை அவள் ஏற்கெனவே ஸ்பீக்கரில் கேட்டிருந்தாள். அடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரியும் என்பதால் அழத் தொடங்கினாள். "மூச்சு விடு. அண்ணா, மூச்சு விடு." கன்னத்தை அவன் மூக்கருகே வைத்தாள். ஒன்றும் இல்லை. பிறகு, ஆழத்திலிருந்து இழுத்ததுபோல ஒரு பெரிய குறட்டை மூச்சு. இன்னொன்று. எச்சில் அவள் கையில் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட மனமில்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவனுக்குத் தெளிய வெகுநேரம் ஆனது. முதலில் அவளை யாரென்று தெரியவில்லை. பிறகு கூரையைப் பார்த்தான், ஈரமான படுக்கையைத் தடவிப் பார்த்தான், புரிந்துகொண்டான்.

"அவ வந்துட்டாளா?"

"அண்ணி இன்னும் வரல."

"அப்ப இந்த விரிப்ப எடு சீக்கிரம். கொல்லைப்பக்கம் ஊற வெச்சிடலாம். அலமாரியில இதே கலர்ல இன்னொண்ணு இருக்கு, அதப் போட்டுடு." குழறினாலும் சொற்கள் வரிசையாக வந்தன. பழகிய வரிசை. கருமி அவனைப் பார்த்தாள்.

"எத்தன தடவை இப்படி மாத்தியிருக்க?"

அவன் விரிப்பின் ஓரத்தைத் தானே உருவப் பார்த்தான்.

"அண்ணா. இது மாட்டினதுக்கு அப்புறம் எத்தன தடவை வந்துச்சு?"

"நிறைய இல்ல குட்டி. எப்பவாவது."

"அது கூப்பிட்டுச்சா? ஒரு தடவையாவது?"

"இல்ல." முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எப்படிச் சொல்றது? உன் கையால செஞ்சது. எல்லாரும் கைதட்டினாங்கன்னு சொன்ன. நான் போய் இது வேலை செய்யலன்னு சொன்னா உன் பேரு என்ன ஆகறது? அதுவுமில்லாம உங்க அண்ணி... அவ தூங்கறத நான் பார்த்ததே கிடையாது. இப்பத்தான் பாக்கறேன். வாயத் திறந்துட்டுக் குழந்தை மாதிரி. நான் எழுந்து சட்டைய மாத்திட்டு அதையே பாத்துட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஒருத்தனுக்குத்தானேன்னு விட்டுட்டேன்."

"உனக்கு ஒருத்தனுக்கு இல்லண்ணா."

அவன் திரும்பினான். "வேற யாருக்கு?"

இதைச் சொல்லாமல் இருந்துவிடலாம். அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. கருவியைக் கழற்றி எடுத்துப் போய்விட்டால் அவன் உயிருக்கு ஆபத்தில்லை. அவனுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவன் முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. ஆனால் இந்த வீட்டில் ஒருவர் மேல் ஒருவர் பாசம் வைத்து மறைத்த வரைக்கும் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"உனக்கு இந்த உறையைத் தைச்சுக் குடுத்தாளே."

"அவளுக்கா? இப்ப எப்படி இருக்கா?"

கருமி அந்த நீலத் துணியையே பார்த்தாள். அவனுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை. கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது, துணியைத் தொட்டது, அங்கேயே நின்றது.

"எப்போ?"

"போன மாசம்."

அண்ணன் விரல்களை மடக்கவில்லை, கணக்குப் போடவில்லை. "இத மாட்டினப்புறம் எனக்கு முதல் தடவை வந்தது மழை நாள்ல" என்றான். "துணி காயாம விசிறிக்குக் கீழ போட்டேன். அது போன வருஷம்."

மழை முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அண்ணனும் தங்கையும் ஈரப் படுக்கையின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். உன் தப்பு இல்லை என்று அவன் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அறைக்குள் மூன்றாவதாக ஒருத்தி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை இப்போது இருவரும் அறிந்திருந்தார்கள்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். அண்ணி உள்ளே வந்து திரையை இழுத்துத் திறந்தாள். "என்ன ரெண்டு பேரும் இருட்டுல? டெஸ்ட்டு முடிஞ்சுதா?" கண் படுக்கைக்குப் போனது, உருண்டு கிடந்த டம்ளருக்குப் போனது, கணவன் காதுக்குப் பின்னால் போனது. "பச்சைதானே எரியுது. அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

கருமி எழுந்தாள். அண்ணன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "நான் சொல்றேன்" என்றான்.

சொன்னான். ஊறவைத்த விரிப்புகளை, ஒரே கலரில் வாங்கி வைத்திருந்ததை, கடித்த நாக்கை வாய்ப்புண் என்று சொன்னதை, தையல்காரியை, எல்லாவற்றையும். எதையும் குறைத்துச் சொல்லவில்லை.  அண்ணி கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். கன்னத்துக் குழி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அவன் முடித்தபிறகுதான் பேசினாள். குரல் மிகத் தாழ்ந்திருந்தது, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

"அந்த எல்லா நாளும் பக்கத்துலதான இருந்தேன்" என்றாள். "நான் நல்லாத் தூங்கினேனே."